கங்கா பாடலில் குரல்கள் ஏன் உரசுகின்றன?

குரோவேஷியாவின் இமோட்ஸ்கி பகுதியில் சிலர் சேர்ந்து பாடும் ‘கங்கா’ என்ற நாட்டுப்பாடல் சுருதி விலகியதுபோல் ஏன் கேட்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அது பிசகல்ல, வேண்டுமென்றே செய்வது.

ஒருவர் தொடங்குவார், மற்றவர்கள் ஏறக்குறைய ஒரு முழுச்சுரம் தள்ளிச் சேர்ந்துகொள்வார்கள். ஒரு குரல் 220 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 220 அதிர்வு), இன்னொன்று 245 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 25. அதாவது ஒலியின் பலம் நொடிக்கு 25 தடவை ஏறி இறங்கும். அந்த வேகத்தைக் காதால் பிரித்தறிய முடியாது, கரகரப்பாகத்தான் கேட்கும். அப்புறம், உரத்த குரலில் மேல்சுரங்கள் (அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் உயர்ந்த சுரங்கள்) வலுவாக இருக்கும்; அவையும் ஒன்றோடொன்று மோதி அதைக் கூட்டும். பாடுபவர்கள் ஒட்டி நிற்பதால் அவர்களுக்கு இந்த அதிர்வு இன்னும் பலமாகக் கேட்கும். எனக்கு இதன் அழகே அந்த உரசல்தான்.

2012இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்த, குரோவேஷியாவின் டால்மேஷியக் கடற்கரையின் ‘கிளாப்பா’ குழுப்பாடல் இதற்கு நேர்மாறு: குரல்கள் இழைந்து கலக்கும்.