எந்தப் பிரிண்டிலிருந்து எடுத்தது? பழைய பேய்ப்படம் வாங்குவோர் கேள்விகள்

கேள்வி: ஐம்பது பழைய வெளிநாட்டுப் பேய்ப்படங்கள் அடங்கிய டிவிடி பெட்டி ஒன்றை இணையத்தில் மலிவாகக் கிடைத்ததென்று வாங்கினேன். 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' போட்டால் முகமே தெரியவில்லை, வெறும் கறுப்பும் வெளுப்புமாக இருக்கிறது. 'நாஸ்ஃபெராட்டு'வில் இரத்தக்காட்டேரி பட்டப்பகலில் நடந்து போகிறான். திருட்டு டிஸ்க்கை என் தலையில் கட்டிவிட்டார்களா? (மதுரை வாசகர்)

பதில்: திருட்டு டிஸ்க்காக இருக்க வேண்டும் என்பதில்லை. முதல் படத்தின் கதையைக் கேளுங்கள். ஜார்ஜ் ரொமேரோ அதை பிட்ஸ்பர்க் பக்கத்தில் எடுத்தார், 1968-ல் வெளியானது. முதலில் அதற்கு வேறு பெயர். விநியோகஸ்தர் பெயரை மாற்றியபோது, பழைய தலைப்பு அட்டையில் இருந்த பதிப்புரிமை அறிவிப்பும் சேர்ந்து போய்விட்டது. அறிவிப்பு இல்லாமல் வெளியான படத்துக்கு அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் பாதுகாப்பு இல்லை. ஆகவே படம் அங்கே பொதுச்சொத்து ஆகிவிட்டது. யார் வேண்டுமானாலும் டிஸ்க் போட்டு விற்கலாம். மற்ற நாடுகளில் சட்டம் வேறாக இருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

யார் வேண்டுமானாலும் விற்கலாம் என்றால், கையில் கிடைத்த பிரிண்டை (ஃபிலிம் பிரதியை) வைத்து விற்பார்கள். பிரிண்டிலிருந்து பிரிண்ட், அதிலிருந்து வீடியோ டேப், டேப்பிலிருந்து டிவிடி. ஒவ்வொரு படியிலும் கறுப்பும் வெளுப்பும் மட்டும் மிஞ்சி நடுவில் உள்ள சாயல்கள் கரைந்துவிடும். ஒரே டிஸ்க்கில் நாலைந்து படங்களைத் திணித்தால் இன்னும் கெடும். அசல் கேமரா நெகட்டிவிலிருந்து நியூயார்க்கின் மோமா அருங்காட்சியகமும் ஃபிலிம் ஃபவுண்டேஷனும் சேர்ந்து செய்த 4கே புதுப்பிப்பு 2018-ல் கிரைட்டீரியன் நிறுவனத்தின் வெளியீடாக வந்தது. அதைப் பார்த்தால் இது அதே படம்தானா என்று திகைத்துப் போவீர்கள்.

'நாஸ்ஃபெராட்டு' விஷயம் இன்னும் சுவாரசியம். 1922-ல் இரவுக் காட்சிகளைப் பகலிலேயே எடுத்து, பிரிண்டுக்கு நீலச் சாயம் ஏற்றினார்கள். நீலம் வந்தால் இரவு என்று அன்றைய ரசிகருக்குப் புரியும். மலிவு டிஸ்க்கில் அந்தச் சாயம் இல்லை. விடியல் வெளிச்சத்தில் மாய்ந்துபோக வேண்டியவன் நடுப்பகலில் உலாவுகிறான், கதையே குழம்பிவிடுகிறது. படம் 'டிராகுலா' நாவலை அனுமதியில்லாமல் தழுவியது என்று, அதை எழுதிய பிராம் ஸ்டோக்கரின் மனைவி தொடுத்த வழக்கில் படத்தின் பிரதிகளை அழிக்கும்படி ஜெர்மானிய நீதிமன்றம் உத்தரவிட்டது. தப்பிய பிரதிகளால்தான் படம் நமக்குக் கிடைத்திருக்கிறது. அவற்றைக் கொண்டு, பழைய ஜெர்மன் படங்களைக் காக்கும் முர்னாவ் அறக்கட்டளை சாயத்தோடு மீட்ட வடிவத்தைத்தான் நீங்கள் வாங்க வேண்டும்.

வாங்குமுன் பின்னட்டையைப் படியுங்கள். எந்த ஆவணக்காப்பகம் புதுப்பித்தது, எந்தப் பிரதியிலிருந்து எடுத்தது என்று நல்ல வெளியீட்டாளர் பெருமையாகவே போட்டிருப்பார். வெறுமனே 'டிஜிட்டலில் மெருகேற்றப்பட்டது' என்றிருந்தால் நம்பாதீர்கள். அப்புறம் ஓடும் நேரம். ஃபிரிட்ஸ் லாங்கின் 'மெட்ரோபொலிஸ்' (1927) ஒன்றரை மணி நேரம் என்று போட்டிருந்தால் அது வெட்டுப்பட்ட பழைய வடிவம். 2008-ல் அர்ஜென்டினாவின் புவனஸ் ஐரிஸ் அருங்காட்சியகத்தில் ஒரு 16 மி.மீ. பிரதி கிடைத்து, காணாமல் போயிருந்த காட்சிகள் பெரும்பாலும் மீண்டன. அவற்றைச் சேர்த்து 2010-ல் வந்த வடிவம் சுமார் இரண்டரை மணி நேரம். அதில் திடீரென்று கோடும் கீறலுமாகச் சில காட்சிகள் வரும். டிஸ்க் பழுது என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள், அவைதாம் புவனஸ் ஐரிஸில் கிடைத்தவை.

ஐம்பது படப் பெட்டியை வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒருமுறை பாருங்கள். மனதில் தங்கும் ஐந்தாறு படங்களை மட்டும் நல்ல பதிப்பாக வாங்குங்கள். நான் சேர்க்கத் தொடங்கியதும் இப்படித்தான்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து உறவினர் வாங்கிவந்த புளூ-ரே எங்கள் வீட்டு பிளேயரில் ஓடவில்லை. டிவிடி எல்லாம் ஓடுகிறதே? (கோவை வாசகி)

பதில்: டிஸ்க்கில் குற்றம் இல்லை, மண்டலப் பூட்டு: உலகின் ஒரு பகுதிக்கென்று விற்ற டிஸ்க் வேறு பகுதியின் பிளேயரில் ஓடாதபடி பூட்டியிருப்பார்கள். புளூ-ரேயில் அமெரிக்கா ஏ, பிரிட்டனும் ஐரோப்பாவும் பி, இந்தியாவும் இலங்கையும் சி. சிங்கப்பூரும் மலேசியாவும் ஏ என்பதால் அங்குள்ள நம்மவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. டிவிடிக்கு எண்கள்: அமெரிக்கா 1, பிரிட்டன் 2, நாம் 5. இங்கே விற்கும் பல டிவிடி பிளேயர்கள் எல்லா எண்ணையும் ஏற்கும். அதை நம்பித்தான் பலர் புளூ-ரேயிலும் ஏமாறுகிறார்கள். 'எல்லா மண்டலமும் ஓடும்' என்று பிளேயர் விற்பவரிடம், 'டிவிடிக்கா, புளூ-ரேக்கா?' என்று தனியாகக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

4கே டிஸ்க்குகளுக்கு மண்டலப் பூட்டு கிடையாது. ஆனால் ஒரே பெட்டியில் 4கேயும் புளூ-ரேயும் இருந்தால், பேட்டி, விளக்கவுரை முதலிய கூடுதல் பகுதிகள் பெரும்பாலும் புளூ-ரேயில்தான் இருக்கும். அது பூட்டியே கிடக்கும். கணினியில் போட்டுப் பார்க்கலாம் என்றால், டிவிடி டிரைவில் மண்டலத்தை ஐந்து தடவைதான் மாற்ற முடியும். பிறகு கடைசியாக வைத்ததிலேயே நின்றுவிடும். தபாலில் வரவழைப்பதாக இருந்தால் சுங்க வரியையும் தபால் செலவையும் விலையோடு கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: பழைய டிவிடி ஒன்று பாதிப் படம்வரை நன்றாக ஓடி, அப்புறம் உறைந்து நிற்கிறது. கீறலே இல்லை.

பதில்: துடைத்துப் பயனில்லை. உள்ளே படம் பதிந்திருக்கும் அடுக்கு கெட்டிருக்கலாம். இரண்டு அடுக்கு டிவிடியில் நடுப்பகுதியில்தான் அடுக்கு மாறும், கோளாறு அங்கிருந்து தெரியும். 2006 முதல் 2009 வரை தயாரான தன் டிவிடிகள் சிலவற்றில் இப்படி ஆவதை வார்னர் நிறுவனமே ஒப்புக்கொண்டது. அந்தக் காலத்து டிஸ்க்கைப் பழையதாக வாங்கினால், திருப்பித் தரும் கெடு முடியுமுன் முழுப் படத்தையும் ஓட்டிப் பாருங்கள். முதல் பத்து நிமிடம் பார்த்துவிட்டு அலமாரியில் வைக்காதீர்கள்.

கேள்வி: 'லண்டன் ஆஃப்டர் மிட்நைட்' படத்தின் டிவிடி தருவதாக ஒருவர் பெரிய விலை சொல்கிறார். அபூர்வம் என்கிறார்கள். வாங்கலாமா? (சென்னை வாசகர்)

பதில்: தயவுசெய்து வேண்டாம். டாட் பிரவுனிங் இயக்கி லான் சானி நடித்த அந்த 1927 மர்மப் படம் இன்று இல்லை. கடைசியாக இருந்ததாகத் தெரிந்த பிரதி 1960-களில் எம்.ஜி.எம். கிடங்கில் பிடித்த தீயில் எரிந்துபோனது. அவர் காட்டுவது பெரும்பாலும் 2002-ல் டர்னர் கிளாசிக் மூவீஸ் தொலைக்காட்சி ஒளிபரப்பிய மறுவாக்கமாக இருக்கும். புகைப்படங்களை வரிசையாக அடுக்கிக் கதை சொல்லும் முயற்சி, முக்கால் மணி நேரம். நல்ல முயற்சிதான், நானும் மரியாதையோடு பார்த்திருக்கிறேன். ஆனால் அது 2003-ல் லான் சானி படத் தொகுப்பு டிவிடியில் முறைப்படி வெளியானது. தனியாகப் பெரிய விலை கொடுக்க வேண்டியதில்லை. அதே கதையை பிரவுனிங் 1935-ல் 'மார்க் ஆஃப் தி வாம்பயர்' என்று பேசும் படமாக எடுத்தார், பெலா லுகோசி நடித்தது. அது கிடைக்கிறது, அதை வாங்குங்கள்.

கேள்வி: 'கிரியேச்சர் ஃப்ரம் தி பிளாக் லகூன்' படத்தின் 'அசல் ரீல்' என்று 8 மி.மீ. சுருள் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. பெட்டியில் காஸில் ஃபிலிம்ஸ் என்று இருக்கிறது. தாத்தாவின் புரொஜக்டரில் ஓட்ட ஆசை. (காரைக்குடி வாசகர்)

பதில்: ஆசை நியாயமானது. முழுப் படம் என்று மட்டும் நினைக்காதீர்கள். படம் (1954) 79 நிமிடம். வீடியோ வருமுன், யுனிவர்சலின் பேய்ப்படங்களை ஏறத்தாழப் பத்து நிமிடமாகச் சுருக்கி வீட்டில் பார்க்க விற்றவர்கள் காஸில் ஃபிலிம்ஸ்காரர்கள். அட்டைப்பெட்டி நன்றாக இருந்தால் அதற்கே ஒரு மதிப்பு உண்டு. ஆனால் திரையரங்கப் பிரிண்டுக்குரிய விலை கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

பழைய 35 மி.மீ. நைட்ரேட் சுருள்போல 8 மி.மீ. தீப்பற்றிக்கொள்ளாது, அந்தப் பயம் வேண்டாம். பெட்டியைத் திறந்ததும் முகர்ந்து பாருங்கள். வினிகர் வாடை அடித்தால், ஃபிலிமின் அடிப்பொருளான அசிடேட் சிதையத் தொடங்கிவிட்டது. அதை நிறுத்த வழியில்லை, அந்த ஆவி பக்கத்துச் சுருள்களையும் கெடுக்கும். நம் ஊர் வெக்கையும் ஈரமும் அதை விரைவுபடுத்தும். வாடை இல்லையா, சுருள் முறுகாமல் தட்டையாக இருக்கிறதா, ஓரத் துளைகள் கிழியவில்லையா, வாங்குங்கள். சாதாரண 8 மி.மீ.யா சூப்பர் 8-ஆ என்று கேட்க மறக்காதீர்கள். துளையின் அளவு வேறு, ஒன்றுக்கான புரொஜக்டரில் மற்றது ஓடாது. தாத்தாவின் புரொஜக்டரை முதலில் சுத்தம் செய்து, வேண்டாத ஒரு துண்டு ஃபிலிமை ஓட்டிப் பார்த்த பிறகு இதை மாட்டுங்கள்.