துளை நிறைந்த மரவேலைக்கு எந்த ஸ்டெயின்?

கேள்வி: 6 மில்லிமீட்டர் பர்ச் பிளைவுட்டில் ஸ்க்ரோல் சா கொண்டு மயில் ஒன்று வெட்டியிருக்கிறேன். அளவு 30-க்கு 40 செண்டிமீட்டர். தோகையில் மட்டும் 200 துளைக்குக் குறையாது. எண்ணெய் ஸ்டெயினைப் பிரஷ்ஷால் பூசினேன். துளைகளில் தேங்கிவிட்டது, ஓரமெல்லாம் கறுத்துவிட்டது, சில இடங்களில் சாயமே பிடிக்கவில்லை. இரண்டு நாளாகியும் பிசுபிசுக்கிறது. வேறு ஸ்டெயின் வாங்க வேண்டுமா?
- ஈசூன் வாசகர்

பதில்: வேண்டாம், டின் மேல் குற்றமில்லை. துளை வேலையில் ஸ்டெயினை உள்ளே ஏற்றுவது எளிது. மிச்சத்தை வெளியே எடுப்பதுதான் பாடு. பிரஷ் ஒவ்வொரு துளையின் விளிம்பிலும் ஸ்டெயினை வழித்துவிட்டுப் போகும். அது உள்ளே இறங்கித் தேங்கும். எண்ணெய் ஸ்டெயின் மரத்துக்குள் ஊறுவதற்காகச் செய்யப்பட்டது, மேலே படலமாக நிற்பதற்கல்ல. அப்படி நின்றால் ஒட்டிக்கொண்டே கிடக்கும். காற்றில் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தொடும் நம் சிங்கப்பூரில் இன்னும் மெதுவாகக் காயும்.

இப்போதைய மயிலைக் காப்பாற்ற, அதே ஸ்டெயினையே புதிதாக மெல்லத் தடவுங்கள். பழைய பிசுக்கு இளகும். ஓரிரு நிமிடத்தில் துணியால் துடைத்து, துளைகளைப் பஞ்சுக்குச்சியால் ஒற்றி எடுங்கள். அதற்கும் மசியாத இடத்தில் டர்பெண்டைன் நனைத்த துணி.

சாயம் பிடிக்காத திட்டுகளுக்குக் காரணம் பெரும்பாலும் வரைபடத் தாளை ஒட்டிய ஸ்ப்ரே பசைதான். பசை இருக்கும் இடத்தில் ஸ்டெயின் இறங்காது. அடுத்த முறை பலகை மேல் முதலில் மாஸ்கிங் டேப், அதன் மேல் தாள் என்று ஒட்டுங்கள். வெட்டி முடித்ததும் டர்பெண்டைனால் துடைத்துக் காயவிடுங்கள். பிறகு 150, 220 எண் உப்புத்தாள், அதோடு நிறுத்திக்கொள்ளலாம். அதற்கு மேல் மழமழவென்று தேய்த்தால் சாயம் வெளிறித்தான் ஏறும்.

ஓரம் கறுப்பது வேறு கதை. பிளைவுட்டின் தாள்கள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டவை. வெட்டிய ஓரத்தில் ஒன்றுவிட்டு ஒரு தாளின் இழை நுனிகள் வாய் திறந்து நிற்கும். ஸ்டெயினைக் குடிப்பவை அவைதான். மெழுகு நீக்கிய ஷெல்லாக் (அரக்குப் பூச்சு) வாங்கி, சம அளவு எரிசாராயம் கலந்து ஒரு கை பூசி, காய்ந்தபின் மேலாக உப்புத்தாள் போட்டால் உறிஞ்சல் மட்டுப்படும். நிறமும் கொஞ்சம் குறையும். மயில் தோகைக்குக் கறுத்த ஓரம் அழகுதான் என்பது எங்கள் கட்சி.

அடுத்த வேலைக்கு பிரஷ்ஷை விட்டுவிட்டு முக்கி எடுங்கள். 35-க்கு 45 செண்டிமீட்டர் தட்டு போதும். 946 மில்லி டின் ஒன்றை ஊற்றினால் 6 மில்லிமீட்டர் ஆழம் வரும். பலகை இறங்கியதும் மட்டம் உயர்ந்து அதை மூடிவிடும். பெரிய தட்டு எடுத்தால் இரண்டாவது டின்னுக்குக் காசு போகும். நல்ல கெட்டியான பிளாஸ்டிக் விரிப்பைச் சட்டத்துக்குள் விரித்தும் தட்டு செய்துகொள்ளலாம்.

ஓரிரு நிமிடம் முக்கி, ஒரு மூலையைக் கீழே சாய்த்து வடியவிட்டு, கேமரா தூசி ஊதும் ரப்பர் பந்தால் துளைகளை ஊதுங்கள். முடி உலர்த்தி வேண்டாம்; சூடான கம்பியும் ஸ்டெயின் ஆவியும் சேரக்கூடாது. பிறகு இருபுறமும் துடைத்து, ஒரு துளையில் கம்பி மாட்டித் தொங்கவிடுங்கள். அரை மணியில் இழைகளிலிருந்து எண்ணெய் மறுபடி கசியும். அதையும் துடைத்தால்தான் வேலை முடிந்தது. மிஞ்சிய ஸ்டெயினை வடிகட்டி வேறு ஜாடியில் வையுங்கள். மரத்தூள் கலந்ததைப் பழைய டின்னில் திருப்பி ஊற்றாதீர்கள்.

நிறம் பார்க்க, துளைகளிலிருந்து விழுந்த துண்டுகளைவிட நல்ல மாதிரி கிடையாது. அதே பலகைதானே!

துடைத்த துணிகளைச் சுருட்டிப் போடவே கூடாது. ஆளிவிதை எண்ணெய் போல உலரும் எண்ணெய்கள் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடு உண்டாகும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு அடைபட்டுத் தானாகவே தீப்பற்றும். வீவக அடுக்குமாடி வீட்டுக் குப்பைக் குழாயில் போடுவது அதைவிட மோசம். ஒவ்வொன்றாக விரித்து, துணிக்கம்பில் விறைக்கும்வரை காயவிடுங்கள். அல்லது தண்ணீரில் நனைத்து மூடியுள்ள தகர டின்னில் போடுங்கள்.

கேள்வி: ஜெல் ஸ்டெயின் வடியாது என்கிறார்களே, அது உதவுமா?

பதில்: செங்குத்தான கதவுக்கு உதவும். துளைக்குள் போனால் களிபோல அடைத்துக்கொள்ளும், ஊதினாலும் வராது. பணத்தை வீணாக்காதீர்கள். மேல்பூச்சுக்கும் இதே கணக்குதான்: ஸ்டெயின் நன்றாகக் காய்ந்தபின் ஸ்ப்ரே டின்னில் வரும் வார்னிஷை 25, 30 செண்டிமீட்டர் தள்ளி நின்று, நான்கு பக்கத்திலிருந்தும் மெல்லிய கைகளாக அடியுங்கள்.

கேள்வி: வாங்கி ஒரு வாரத்தில் டின்னைத் திறந்தால் அடியில் சேறுபோல் கெட்டி. "திறந்ததை மாற்றித் தரமாட்டோம்" என்கிறது கடை.

பதில்: முதலில் தட்டையான குச்சியால் அடிவரை ஐந்து நிமிடம் கலக்குங்கள். நிறமி அடியில் படிவது இயல்பு; கரைந்துவிட்டால் பொருளில் குறையில்லை. கட்டிகள் கரையாமல் நின்றாலோ, முழுதும் கூழாகியிருந்தாலோ படம் எடுத்து, ரசீதோடு கடைக்குப் போங்கள். குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்க 2012 செப்டம்பர் முதல் நடப்பிலுள்ள லெமன் சட்டப்படி, 6 மாதத்துக்குள் தெரியும் குறை பொதுவாக விற்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று காட்டுவது கடையின் பொறுப்பு. கடை எழுதி ஒட்டியிருக்கும் அறிவிப்பு அந்த உரிமையைப் பறிக்காது. முதலில் மாற்று டின் கேளுங்கள். அது நியாயமான காலத்தில் கிடைக்காவிட்டால் விலைக் குறைப்பு அல்லது பணம். மறுத்தால் பயனீட்டாளர் சங்கமான கேஸிடம் முறையிடலாம். டின்னை மட்டும் தூக்கி எறிந்துவிடாதீர்கள், இறுக மூடி வையுங்கள்: திறந்து கிடந்து கெட்டியானது என்று கடை சொல்ல இடம் கொடுத்துவிடுவீர்கள்.