பயிற்சியாளர் இல்லாமல் வலிமைப் பயிற்சியை நாமே வகுத்துக்கொள்ள முடியுமா?

கேள்வி கேட்டவர் திருமங்கலத்தில் இரவுப் பணி பார்ப்பவர் என்றும், பக்கத்தில் ஜிம் எதுவும் இல்லை என்றும், இணையத்தில் கிடைக்கும் பயிற்சித் திட்டங்கள் ஒன்றுக்கொன்று முரண்படுவதால் எதைப் பின்பற்றுவது என்று குழம்பியிருப்பதாகவும் எழுதியிருக்கிறார். நமக்கான திட்டத்தை நாமே வகுத்துக்கொள்ள முடியும் என்பதே என் பதில். ஆறு ஆண்டுகளாக நான் அப்படித்தான் செய்துவருகிறேன். அதற்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு: செய்வதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி, அந்த நோட்டு சொல்வதைக் கேட்கும் மனம் வேண்டும்.

நான் மதுரை கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். வயது 41, எடை 68 கிலோ. முப்பத்தைந்தாவது வயதில் ஒரு ஜிம்மில் சேர்ந்தபோது, சேர்ந்த அன்றே அச்சடித்த அட்டை ஒன்றைக் கொடுத்தார்கள். வாரத்தில் ஆறு நாள், நாளுக்கு இரண்டு தசைப் பகுதி, ஒவ்வொன்றுக்கும் நான்கு வகைப் பயிற்சி என்று அதில் இருந்தது. பக்கத்தில் நின்ற கல்லூரி மாணவரின் கையில் இருந்ததும் அதே அட்டைதான். கடை அடைத்து இரவு ஒன்பதரைக்குப் போய், பதினொன்றுக்கு வீடு திரும்பி, காலை ஐந்தரைக்கு எழுந்துகொண்டிருந்த எனக்கு மூன்றாம் மாதத்தில் வலது தோள் வலிக்கத் தொடங்கியது; சட்டை மாட்டக்கூடக் கையைத் தூக்க முடியவில்லை. வலித்தால்தான் வளரும் என்றார்கள். நின்றுவிட்டேன். அந்த அட்டை தவறானது என்று இன்றும் நான் சொல்ல மாட்டேன். ஆறு நாளும் வரக்கூடிய, எட்டு மணி நேரம் தூங்கக்கூடிய ஒருவருக்காக அது எழுதப்பட்டிருந்தது. நான் அந்த ஒருவர் அல்லன்.

எனக்கு வழி காட்டியவர் எங்கள் கடைக்குச் சரக்கு இறக்க வரும் சுமைதூக்கும் தொழிலாளர் ஒருவர், ஐம்பது வயதைத் தாண்டியவர். அவர் 50 கிலோ பருப்பு மூட்டைகளை எடுப்பதை வருடக்கணக்காகக் கண்டிருந்தும், தோள் வலி வந்த பிறகுதான் உற்றுப் பார்த்தேன். எட்டி நின்று அவர் மூட்டையைத் தொடுவதே இல்லை. முதலில் காலோடு ஒட்டும்படி இழுத்துக்கொள்வார். இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி இறங்குவார். கொக்கியை மாட்டியதும் வயிறு நிறைய ஒரு மூச்சை இழுத்து நிறுத்துவார். முதுகு பலகைபோல் நிற்க, மூட்டை தொடையை உரசிக்கொண்டே மேலேறும். நிமிர்ந்த பிறகுதான் அந்த மூச்சு வெளியே வரும். ஒரு நாள் டீ குடிக்கும்போது, “அண்ணே, இவ்வளவு தூக்குறீங்களே, தோள் வலிக்காதா?” என்று கேட்டேன். “புதுசா வர்ற பயலுக்கு மொத நாளே முழு மூட்டையைக் குடுக்க மாட்டோம் தம்பி. கால் மூட்டை, அரை மூட்டைன்னு பழக்கித்தான் குடுப்போம். அவசரப்பட்டவன் அடுத்த வாரம் வேலைக்கு வரமாட்டான்” என்றார்.

அவர் சொன்ன அதே விதியை, 1940களில் தாமஸ் டிலார்ம் என்னும் அமெரிக்க ராணுவ மருத்துவர், போரில் காயமடைந்த வீரர்களுக்குக் கால் வலிமையை மீட்டுக்கொடுப்பதற்காக முறைப்படுத்தினார் என்று பின்னர் படித்தேன். ஒருவரால் பத்து முறை மட்டுமே தூக்க முடிகிற எடையைக் கண்டறிந்து, அதில் பாதி எடையில் ஒரு செட் (இடைவிடாமல் பத்து முறை தூக்குவது), முக்கால் எடையில் ஒரு செட், முழு எடையில் ஒரு செட் என்று செய்யவைத்தார். பத்து முறை எளிதாகிவிட்டால் எடை கூடும். இதில் எனக்குப் பிடித்தது, தொடக்க எடையை அட்டை முடிவு செய்யவில்லை, அந்த மனிதரின் உடல் முடிவு செய்தது என்பதுதான். பாலமேட்டுப் பக்கம் என் அம்மாவின் ஊரில் பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்குகிறவர்களும் இதை அறிந்தவர்கள்தாம். சிறிய கல்லைத் தூக்கிப் பழகாமல் பெரிய கல்லில் கைவைத்தவரை நான் அங்கே பார்த்ததில்லை. குந்தி அமர்ந்து, கல்லைக் கட்டியணைத்து, தொடைக்கு ஏற்றி, நெஞ்சுக்குக் கொண்டுவந்து, அதன் பிறகே தோளுக்கு.

திட்டம் வகுக்க உட்கார்ந்தபோது, எந்தத் தசையைப் பெரிதாக்குவது என்ற கேள்வியை நான் எடுக்கவில்லை. உடல் எந்த வேலைகளைச் செய்ய வேண்டும் என்று எழுதினேன்: தரையிலிருந்து எடுப்பது, அமர்ந்து எழுவது, தள்ளுவது, இழுப்பது, சுமந்து நடப்பது. இந்த ஐந்துக்கும் ஒவ்வொரு பயிற்சி இருந்தால் உடலில் பெரும்பாலும் எதுவும் விடுபடாது. வாரத்துக்கு எத்தனை நாள் என்பதையும் என் தூக்கத்தை வைத்தே முடிவு செய்தேன். தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. நான் மூன்று நாள் வைத்துக்கொண்டேன், ஒவ்வொன்றும் நாற்பது நிமிடம்.

கருவிகளுக்கு அதிகம் செலவாகவில்லை. எம்-சாண்ட் மணலை ஐந்து ஐந்து கிலோவாகத் தடித்த பாலித்தீன் பைகளில் இரட்டையாகக் கட்டி, கடைத் தராசிலேயே நிறுத்து, ஒரு வலுவான சாக்குக்குள் அடுக்கினேன். எத்தனை பொட்டலம் போடுகிறோமோ அத்தனை எடை. தினமும் கூட்டலாம், குறைக்கலாம். மணலை மொத்தமாகக் கொட்டித் தைத்துவிட்டால் எடையை மாற்ற முடியாது என்பதால் பொட்டலமாகக் கட்டுவதை வற்புறுத்திச் சொல்கிறேன். தள்ளுவதற்குத் தண்டால் போதும். அதில் உடல் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கைகளுக்கு வருகிறது, அது எளிதானபோது முதுகுப்பையில் ஒரு பொட்டலம் சேர்த்தேன். இழுப்பதுதான் வீட்டில் சிக்கலானது. ஒத்தக்கடையில் ஒரு பட்டறையில் ஜி.ஐ. பைப்பை வெட்டி வாங்கி, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் தூண்களுக்கு இடையே பற்றவைத்துக்கொண்டேன்; அதில் தொங்கி உடலை மேலே இழுப்பேன். சுமந்து நடக்க இரண்டு 20 லிட்டர் தண்ணீர் கேன்கள் இருக்கின்றன; லிட்டருக்கு ஒரு கிலோ என்பதால் கணக்கும் எளிது.

எடை கூட்டும் முறை இது. மணல் சாக்கை 30 கிலோவில் தொடங்கினேன். மூன்று செட்; ஒவ்வொன்றிலும் எட்டு முறை; செட்டுகளுக்கு இடையில் இரண்டு மூன்று நிமிட ஓய்வு. இன்னும் இரண்டு முறை செய்யலாம் என்று தோன்றும் இடத்திலேயே நிறுத்துவேன். மூன்று செட்டிலும் பன்னிரண்டு வரும்வரை எடையைத் தொடுவதில்லை. வந்த பிறகு ஒரே ஒரு பொட்டலம் கூட்டி மறுபடியும் எட்டிலிருந்து தொடங்குவேன்.

ஒவ்வொரு நாளும் நோட்டில் ஒரு வரி எழுதுகிறேன்: தேதி, எடை, எண்ணிக்கை, முந்தைய இரவின் தூக்கம், வலி ஏதும் இருந்தால் அதன் இடம். “45 கிலோ, 9-8-6, மின்தடை, தூக்கம் 4 மணி” என்பது அப்படி ஒரு வரி. தொடக்கத்தில் செவ்வாய், வியாழன், ஞாயிறு என்று வைத்திருந்தேன். மூன்று மாத வரிகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பெரும்பாலான செவ்வாய்க்கிழமைகளில் எண்ணிக்கை இறங்கியிருந்தது. திங்கட்கிழமை லோடு வரும் நாள். கடையில் கணக்கு முடிய இரவு பதினொன்றாகிவிடும். நாட்களைப் புதன், வெள்ளி, ஞாயிறு என்று மாற்றிய பிறகு, வேறு எதையும் மாற்றாமலே எண்ணிக்கை ஏறியது. எந்தப் பயிற்சியாளரும் எனக்கு இதைச் சொல்லியிருக்க முடியாது, ஏனென்றால் எங்கள் கடைக்கு எந்தக் கிழமை லோடு வரும் என்பது அவருக்குத் தெரியாது. தற்சார்பு என்று நான் சொல்வது இதைத்தான். பிறர் அறிவை ஒதுக்குவதை அல்ல.

என் தவறையும் அதே நோட்டுதான் காட்டிக்கொடுத்தது. இரண்டாம் மாதத்தில் வலிமை வேகமாக ஏறியதைக் கண்டு, இரண்டே வாரத்தில் 40 கிலோவிலிருந்து 55 கிலோவுக்குத் தாவினேன். முழங்கையின் வெளிப்பக்கம் வலி எடுத்து, ஆறு வாரம் பைப்பில் தொங்க முடியவில்லை. முதல் சில வாரங்களில் கூடும் வலிமையில் பெரும்பகுதி, இருக்கும் தசையை நரம்புகள் நன்றாக இயக்கக் கற்றுக்கொள்வதால் வருவது. தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்கள் அவ்வளவு விரைவாக வலுப்பெறுவதில்லை. தூக்க முடிகிறது என்பதற்காகத் தூக்கிவிடக் கூடாது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

மதுரையில் தனியாகப் பயிற்சி செய்கிறவர் ஏப்ரல், மே மாதங்களையும் திட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும். மொட்டை மாடித் தளம் இரவு எட்டு மணிக்கும் உள்ளங்கையைச் சுடும். அந்த இரண்டு மாதங்களில் அதிகாலைக்கு மாறிக்கொண்டு, மூன்று செட்டை ஒன்றாகக் குறைத்துவிடுகிறேன்; எடையை மட்டும் குறைப்பதில்லை. எடை குறையாமல் இருந்தால், மிகக் குறைந்த பயிற்சியிலும் சில வாரங்களுக்கு வலிமை நிலைக்கும். ஜூனில் மீண்டும் மூன்று செட்டுக்குத் திரும்பியபோது என் எண்ணிக்கை பெரிதாக இறங்கியிருக்கவில்லை.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாதாரணமாக உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அளவு. வலிமைப் பயிற்சி செய்கிறவர்களுக்கு 1.6 கிராம் வரை பயன் தருகிறது. எனக்கு அது ஏறக்குறைய 109 கிராம். காலையும் இரவும் இட்லி, தோசை, பரோட்டா என்று சாப்பிட்டுக்கொண்டு அதை எட்ட முடியாது. மூன்று முட்டை, ஊறவைத்து அவித்த கொண்டைக்கடலை, ஒரு கைப்பிடி நிலக்கடலை, அரை லிட்டர் பால், மதியம் மீன் அல்லது பருப்பு என்று சேர்த்த பிறகே அதன் அருகில் வந்தேன். பவுடர் வாங்கவில்லை.

சில விஷயங்களில் மட்டும் சொந்த முடிவு போதாது. உயர் ரத்த அழுத்தம், குடலிறக்கம், முதுகுத்தண்டு வட்டுப் பிரச்சினை, நெஞ்சில் இறுக்கம் ஆகியவற்றில் எது இருந்தாலும், எடையைத் தொடுவதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள். மூச்சை நிறுத்திப் பாரம் தூக்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். என் முழங்கை வலிக்கு ஓர் இயன்முறை மருத்துவர்தான் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். தூக்கும் முறை சரியா என்பதற்குக் கைபேசியைப் பக்கவாட்டில் நிறுத்திப் படம்பிடித்துப் பார்க்கலாம். முதுகு வளைவது நமக்குத் தெரியாது, படத்தில் தெரிந்துவிடும்.

உங்களுக்கு இரவுப் பணி என்பதால், வேலை முடிந்து வந்த களைப்பில் பயிற்சியை வைக்காதீர்கள். பகலில் தூங்கி எழுந்து, சாப்பிட்டு, ஒரு மணி நேரம் கழித்து வையுங்கள். வாரத்தில் இரண்டு நாள் போதும். வீட்டில் 25 கிலோ அரிசிச் சிப்பம் இருந்தால், அதை ஒரு சாக்குக்குள் வைத்துக் கட்டி அதிலிருந்தே தொடங்கலாம். அது கனமாகத் தெரிந்தால், அரிசியில் பாதியை அள்ளி வைத்துவிட்டுத் தூக்குங்கள். தண்டால், பஸ்கி, சிப்பத்தைத் தரையிலிருந்து நெஞ்சுக்கு எடுப்பது, அதைக் கட்டிக்கொண்டு நடப்பது என்று நான்கை மட்டும் செய்யுங்கள். இழுப்பதற்கு ஓர் இடம் கிடைத்ததும் ஐந்தாவதைச் சேர்க்கலாம். ஆறு வாரத்தில் பன்னிரண்டு வரிகள் உங்கள் நோட்டில் இருக்கும். அவற்றை இங்கே எழுதுங்கள். எந்தக் கிழமையில் எண்ணிக்கை இறங்குகிறது என்பதை இருவருமாகப் பார்ப்போம்.