ஸ்டென்ட் வைத்த அப்பா ஏற்காட்டுக் குளிரில் காலை நடை போகலாமா?

"சேலத்தில் இருந்தவரை அப்பா தினமும் காலை 5 மணிக்கு நடக்கப் போவார். ஆகஸ்டில் இதய ரத்தக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது ஏற்காட்டில் எங்களோடு இருக்கிறார். இந்தக் குளிரிலும் அதே 5 மணிக்குக் கிளம்புகிறார், சேர்வராயன் கோயிலுக்கும் நடந்தே போகணும் என்கிறார். விடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நடக்க விடுங்கள். அந்த 5 மணி மட்டும் வேண்டாம்.

நான் மருத்துவர் இல்லை. ஆனால் நானும் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு இதே ஏற்காட்டில் குடியிருப்பவன். ஒண்டிக்கடைப் பக்கத்திலிருந்து லேடீஸ் சீட்டுக்கு ஏறும் ரோடு உங்களுக்குத் தெரிந்திருக்கும். சித்திரை, வைகாசியில் கூட வருபவரிடம் பேசிக்கொண்டே அதில் ஏறிவிடுவேன். அதே ஏற்றம், அதே வேகம், மார்கழி விடியலில் என்றால் பாதியிலேயே நெஞ்சு இறுகும். நின்றால் சற்று நேரத்தில் விட்டுவிடும். இதைச் சொன்னதும் என் மருத்துவர் காரணத்தை விளக்கினார். உடல் சூட்டைக் காப்பாற்றிக்கொள்ள, குளிரில் தோலுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. ரத்த அழுத்தம் ஏறுகிறது. அதை எதிர்த்து இதயம் இன்னும் பலமாகத் தள்ள வேண்டும், அதற்கு ஆக்சிஜன் கூடுதலாக வேண்டும். அந்த நேரம் பார்த்து இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் குழாய்களும் குளிரில் சுருங்கலாம். ஒரு குழாயில் ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது, சரி. மற்றக் குழாய்களில் சின்னச் சின்ன அடைப்புகள் இருக்கக்கூடும்.

விடியற்காலைக்கு வேறு ஒரு கணக்கு உண்டு. எழுந்த உடனே உடலில் அட்ரினலின் போன்ற சுரப்புகள் கூடுகின்றன, ரத்தம் உறையும் தன்மையும் கூடுகிறது. மாரடைப்புகள் காலை நேரத்தில்தான் அதிகம் வருகின்றன. அப்புறம் உயரம். சேலம் 300 மீட்டருக்கும் கீழே, ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில். கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் இங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. திடமான ஆளுக்கு இது தெரியவே தெரியாது. உங்கள் அப்பாவுக்கு ஏற்றத்தில் தெரியும். குளிர், விடியல், உயரம், மேடு, இந்த நாலும் 5 மணிக்கு ஒன்றாகச் சேர்ந்துகொள்கின்றன. நடுவில் எடுத்துவிட முடிந்தவற்றை எடுத்துவிடலாம் என்பதுதான் நான் சொல்வது.

காலை 9 மணி வாக்கில் பனி விலகி வெயில் விழும். அப்போது ஏரிக்கரை ரோட்டிலும் அண்ணா பூங்காவிலும் நடக்கட்டும், அங்கே பெரிய ஏற்றம் இல்லை. சாயங்காலம் என்றால் 4 மணிக்கே போய் வந்துவிட வேண்டும். மழைத் தூறலும் மூடுபனியுமாக நாள் முழுக்க வெளுக்காத நாட்கள் இங்கே உண்டு. அன்றைக்கு வீட்டு ஹாலிலோ வராந்தாவிலோ அதே அளவு நேரம் நடந்தால் போதும். ஈரமான ஸ்வெட்டரோடு காற்றில் நடப்பது வெறும் குளிரைவிட மோசம். "இத்தனை வருஷப் பழக்கம்" என்று அப்பா முறைத்துக்கொள்வார்தான். நடைதான் அவருக்கு மருந்து, மணி இல்லை என்று பொறுமையாகச் சொல்லுங்கள்.

கிளம்பும் முன்பு வீட்டுக்குள்ளேயே 10 நிமிடம் மெதுவாக நடந்து, கைகால்களை அசைத்து உடம்பைச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். முடித்துவரும்போதும் சட்டென்று உட்காராமல் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். ஒரே தடித்த ஸ்வெட்டரைவிட மெல்லிய துணிகளாக இரண்டு மூன்று அடுக்கு நல்லது, வியர்த்தால் ஒன்றைக் கழற்றலாம். குல்லா காதை மூடட்டும். மஃப்ளர் வாயையும் மூக்கையும் மூட வேண்டும், ஏனென்றால் குளிர்ந்த காற்றை இழுப்பதே சிலருக்கு நெஞ்சு வலியைக் கிளப்பிவிடும். மெட்டோபுரோலால் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறாரா பாருங்கள். அதில் கைவிரல்கள் சில்லிட்டுப் போகும், கையுறை வாங்கிக் கொடுங்கள். அந்த மாத்திரை நாடித் துடிப்பை ஏற விடாது என்பதால், வாட்ச்சில் காட்டும் எண்ணை நம்பி வேகத்தைக் கூட்டக் கூடாது. நடந்துகொண்டே முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா, அதுதான் அளவு. சாப்பிட்ட உடனே நடக்க வேண்டாம், ஒரு மணி நேரமாவது போகட்டும். குளிருக்கு இதமாக இருக்கும் என்று யாராவது பிராந்தி கொடுத்தால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். தோல் சூடானது போலத் தோன்றும், உள்சூடு குறைந்துகொண்டிருக்கும்.

நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது ஒன்று உண்டு. நெஞ்சில் பாரம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, காரணமில்லாத மூச்சு வாங்கல், குளிரிலும் கொட்டும் வியர்வை, இதில் எது வந்தாலும் "வாயுதான், சோடா குடித்தால் போகும்" என்று யாரும் சொல்ல விடாதீர்கள். சர்க்கரை நோய் இருந்தால் வலியே தெரியாமல் வெறும் களைப்பாகக்கூட வரும். உடனே நடையை நிறுத்தி உட்கார வைக்க வேண்டும். நாக்குக்கு அடியில் வைக்கும் நெஞ்சு வலி மாத்திரையான சார்பிட்ரேட்டை மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால், உட்கார்ந்தபடி ஒன்று வைக்கட்டும். நின்றபடி வைத்தால் அழுத்தம் இறங்கித் தலைசுற்றி விழக்கூடும். 5 நிமிடத்தில் சரியாகவில்லை என்றால் 108. இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலம் போய்ச் சேரவே ஒரு மணி நேரம் ஆகிவிடும், "பார்க்கலாம்" என்று காத்திருக்க மலையில் நேரம் கிடையாது. அதனால் அந்த மாத்திரையும் போனும் எப்போதும் சட்டைப் பையில் இருக்கட்டும், தனியாக அனுப்பாதீர்கள். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரைகள் ஒரு நாள்கூடத் தவறாதபடி கையிருப்பு வைத்திருங்கள்.

சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, கால் வீங்கினாலோ, நெஞ்சு வலி புதிதாகவோ முன்பைவிட அடிக்கடியோ வந்தாலோ நான் சொன்ன எதுவும் பொருந்தாது. முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அப்படி எதுவும் இல்லை என்றாலும், மலைக்குக் குடிவந்ததை அவரிடம் சொல்லி அழுத்தத்தைச் சோதித்து வாருங்கள். குளிர்காலத்தில் அழுத்தம் ஏறுவது வழக்கம் என்பதால் மாத்திரை அளவை மாற்ற வேண்டியிருக்கலாம்.

சேர்வராயன் கோயிலுக்கு இப்போது நடந்து ஏற வேண்டாம். அந்த உச்சி 1,600 மீட்டருக்கும் மேலே, காற்றும் பலமாக அடிக்கும். மேலே வரை வண்டி போகும், நல்ல வெயில் நாளாகப் பார்த்து 11 மணி வாக்கில் கூட்டிப் போங்கள். கோயில் இருக்கும் குகைக்குள் குனிந்துதான் போக வேண்டும், அவசரப்படுத்தாமல் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நடந்தே ஏறுவதைப் பற்றி, குளிர் போனபிறகு டிரெட்மில் பரிசோதனை பார்த்து மருத்துவர் சரி என்றால் யோசிக்கலாம்.