விரலளவு வீரர்களுக்கு வண்ணம்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: எங்கள் வீட்டுக்குப் பின்னால் செம்பனைத் தோட்டம். மழை விட்ட மாலையில் அங்கே வைத்து, மேசைப் போர் விளையாட்டின் பொம்மை வீரர்களுக்கு, வண்ணத்துக்கு முன் போடும் அடிப்பூச்சான கறுப்பு பிரைமர் ஸ்ப்ரே அடித்தேன். காய்ந்ததும் மணல் ஒட்டியதுபோல் சொரசொரக்கிறது. சில இடங்களில் சாம்பல் பூத்திருக்கிறது. டின் கெட்டுவிட்டதா?
- வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: டின் மேல் பழி வேண்டாம். நீங்கள் பார்ப்பது இரண்டு தனித்தனிக் கோளாறுகள். சாம்பல் பூப்பதற்குக் காரணம் ஈரம். பிரைமரில் உள்ள கரைப்பான் ஆவியாகும்போது பொம்மையின் மேல்பரப்பு சட்டெனக் குளிர்கிறது. ஐஸ் தண்ணீர்க் குவளைக்கு வெளியே வியர்க்குமே, அதுபோலக் காற்றின் ஈரம் அங்கே படிந்து வெளுக்கிறது. மழை விட்ட மாலை என்றால் கேட்கவே வேண்டாம். சொரசொரப்பு வேறு கதை. டின்னைத் தூரத்தில் பிடித்தால் துளிகள் வழியிலேயே காய்ந்து தூளாக வந்து ஒட்டும். டின்னைச் சரியாகக் குலுக்காவிட்டாலும் இப்படி ஆகும்.

பூத்தது பெரிய நட்டமில்லை, மேலே வண்ணம் ஏறினால் மறைந்துவிடும். சொரசொரப்பு மறையாது, எத்தனை பூச்சு போட்டாலும் கூடவே வரும். பழைய பல்துலக்கியால் மெல்லத் தேய்த்துப் பாருங்கள். போகவில்லை என்றால், மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் சில மணி நேரம் ஊறவைத்துத் தேய்த்துக் கழற்றுங்கள். இது பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்குக்கு மட்டும். ஹார்ட்வேர் கடைத் தின்னரோ அசிட்டோனோ பட்டால் வீரரே கரைந்துவிடுவார்.

அடுத்த முறை, மழையில்லாத நாளில் முற்பகல் 11 மணியிலிருந்து 2 மணிக்குள் அடியுங்கள். விடியற்காலைதான் நம் ஊரில் ஈரம் மிகுந்த நேரம், அதைத் தவிருங்கள். ஈரப்பத மானி ஒன்று வாங்கி வைத்தால் நல்லது: 70 விழுக்காட்டுக்குக் கீழே என்றால் துணிந்து அடிக்கலாம், 80-ஐத் தாண்டினால் டின்னை எடுக்கவே வேண்டாம். டின்னுக்குள் இருக்கும் குண்டு சத்தம் போடத் தொடங்கிய பின்னும் 2 நிமிடம் குலுக்குங்கள். 20 முதல் 25 சென்டிமீட்டர் தூரம் போதும். பொம்மைக்கு வெளியே தொடங்கி, அதைக் கடந்து போய் நிறுத்துங்கள். பொம்மை நிழலில் இருக்கட்டும். மழைக்காலம் முழுக்கக் காத்திருக்க முடியாதவர்களுக்குத் தூரிகையால் பூசும் பிரைமர் இருக்கிறது: மெல்லிய இரண்டு பூச்சு, பிறகு ஓர் இரவு காயவிடுங்கள்.

வண்ணத்தைக் காக்கக் கடைசியில் போடும், பளபளப்பில்லாத மேட் வார்னிஷுக்கும் நாங்கள் சொல்வது தூரிகைதான். அங்கே பூத்தால் மறைக்க மேலே எதுவும் இல்லை.

கேள்வி: வண்ணம் பூசியதும் கண், மூக்கு எல்லாம் மூடிப்போய்விடுகிறது. எவ்வளவு தண்ணீர் கலக்க வேண்டும்?
- வாசகர், பாகாவ்

பதில்: 2 துளி அக்ரிலிக் வண்ணத்துக்கு 1 துளி தண்ணீர் என்று தொடங்கி, கட்டைவிரல் நகத்தில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். நகத்தின் நிறம் லேசாகத் தெரிய வேண்டும், ஆனால் கோடு ஓரத்துக்கு ஓடக்கூடாது. பொம்மையைத் தொடுமுன் தூரிகையின் வயிற்றை டிஷ்யூவில் ஒற்றுங்கள். முகம் மூடிப்போவதற்குப் பாதிக் காரணம், தூரிகையில் தேங்கி நிற்கும் வண்ணம்தான். முதல் பூச்சு முழுதாகக் காயாமல் இரண்டாவதைப் போட்டால் அடியில் உள்ளது பிய்ந்து வரும். நம் ஈரக் காற்றில் காய அதிக நேரம் பிடிக்கும், பொறுங்கள்.

முகத்துக்குத் தோல் நிறம் காய்ந்ததும் பழுப்பு வாஷ் (தண்ணீர்போல் நீர்த்த வண்ணம்) விடுங்கள். அது கண்குழியிலும் மூக்கோரத்திலும் தானாக இறங்கும். குட்டையாகத் தேங்கினால் ஈரமில்லாத தூரிகை நுனியால் உறிஞ்சி எடுங்கள். பிறகு மூக்குத்தண்டு, கன்னமேடு, மோவாய் ஆகிய மூன்றிடத்தில் மட்டும் முதலில் பூசிய தோல் நிறத்தையே மறுபடி வையுங்கள். கண்விழி வரைந்தே ஆக வேண்டும் என்பதில்லை. 28 மில்லிமீட்டர் வீரருக்கு இருண்ட கண்குழியே பார்வை தந்துவிடும். தப்பாக வைத்த வெள்ளைப் புள்ளி அவரை மிரள வைத்துவிடும்.

கேள்வி: நுண்ணிய வேலைக்கு மிக மெல்லிய 000 எண் தூரிகை வாங்கலாமா?
- வாசகர், கூலிம்

பதில்: வேண்டாம். அதில் நிற்கும் வண்ணம் பொம்மைக்குப் போய்ச் சேருமுன் காய்ந்துவிடும். நுனி கூரான 1-ஆம் எண் போதும்.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன் ஒரே பொம்மையோடு மூன்று இரவு உட்கார்ந்திருக்கிறான். அப்படி என்னதான் இருக்கிறது இதில்?
- ஒரு தாயார், கோல சிலாங்கூர்

பதில்: அம்மா, 1987-இல் வெளிவந்த வார்ஹேமர் 40,000 போன்ற ஆட்டங்களில் ஆளுக்கு ஒரு படை வேண்டும். அளவுநாடாவால் தூரம் அளந்து நகர்த்தி, பகடை உருட்டி மோதுவார்கள். பெட்டியிலிருந்து வரும்போது எல்லோருடைய வீரர்களும் ஒரே சாம்பல் பிளாஸ்டிக். எந்தப் படையின் நிறம், யாருடைய கவசத்தில் துரு, யார் முகத்தில் தழும்பு என்பதெல்லாம் பூசுபவர் கையில். தலை ஒரு பாசிப்பயறு அளவுதான். அதில் மூக்கின் மேல் ஒரு வெளிர்க்கோடு விழுந்ததும், அதுவரை பிளாஸ்டிக்காக இருந்தது ஆளாகிவிடும். அந்தக் கணத்துக்காகத்தான் மூன்று இரவும். பகலொளி போன்ற வெள்ளை எல்இடி விளக்கு ஒன்று அவர் மேசையில் இருக்கட்டும். மஞ்சள் விளக்கில் நிறம் ஏமாற்றும், கண்ணும் வலிக்கும்.

கையில் வாங்கிப் பார்ப்பதானால் அடித்தட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். வார்னிஷ் போடாத வண்ணம் விரல் வியர்வை பட்டுப் பட்டே தேய்ந்துவிடும்.