ஃபைபர் படகின் மேல்விளிம்பு அமுங்கினால் மேட் ஒட்டுவது தீர்வாகுமா?

கேள்வி: கையூன்றினாலே என் மீன்பிடிப் படகின் மேல்விளிம்பு அமுங்குகிறது, கயிறு கட்டும் கிளீட்டைச் சுற்றிக் கீறல்களும் விழுந்துள்ளன. மேலே இரண்டு அடுக்கு மேட் (கண்ணாடி இழை விரிப்பு) ஒட்டினால் போதுமா?

போதாது. கீறல் மறையுமே தவிர, அமுங்குவதற்கான காரணம் உள்ளேயே இருக்கும். பல படகுகளில் மேல்விளிம்பு, இரண்டு மெல்லிய ஃபைபர் தகடுகளுக்கு நடுவே பிளைவுட் வைத்துச் செய்யப்படுகிறது. தகடுகளை அந்தப் பலகை விலக்கி நிறுத்துவதால்தான் விறைப்பு கிடைக்கிறது. திருகுத் துளை வழியே நீர் இறங்கிப் பலகை மக்கிவிட்டால், தகடுகள் முழுதாக இருந்தாலும் விளிம்பு வளையும்.

ஆகவே கிளீட்டைக் கழற்றிவிட்டு, சிறு சுத்தியலால் விளிம்பு நெடுகத் தட்டிப் பாருங்கள். ஒலி மந்தமாகும் இடங்களைக் குறித்துக்கொண்டு, ஐயமான இடத்தில் சிறு துளையிட்டால், தூள் கறுத்து ஈரமாக வருகிறதா என்பது தெரிந்துவிடும்.

கீழ்ப்புறத்தைக் கை எட்டுமானால் அங்கிருந்தே அறுத்துத் திறப்பது நல்லது; தலைக்கு மேல் ரெசின் (ஃபைபரை இறுகவைக்கும் பிசின்) பூசுவது சலிப்பான வேலைதான், ஆனால் மேற்புறத்தின் பளபளப்பான வெளிப்பூச்சான ஜெல்கோட் தப்பிக்கும். மக்கியதை முழுதும் அகற்றி, நன்கு உலரவிட்டு, மரைன் பிளைவுட்டை, குழைவாகக் கெட்டியாக்கிய எபாக்ஸி ரெசினில் பதியுங்கள். பழைய ஃபைபரை முதலில் அசிட்டோனால் துடைத்து, பிறகே தேய்க்க வேண்டும். வரிசை மாறினால் மெழுகும் எண்ணெயும் தேய்ப்பில் விழும் கீறல்களுக்குள் இறங்கிவிடும். வெட்டிய ஓரத்தை அதன் தடிமனைப் போல் 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாக்குங்கள். காய்ந்த ஃபைபர்மேல் பாலியஸ்டர் ரெசினைவிட எபாக்ஸி உறுதியாகப் பற்றும்; ஆனால் சாதாரண மேட்டைக் கட்டியிருக்கும் பசை பாலியஸ்டரிலுள்ள ஸ்டைரீன் என்னும் திரவத்தில் கரைவதற்கென்றே அமைந்தது என்பதால், எபாக்ஸியுடன் தையலிட்ட அல்லது நெய்த துணியையே பயன்படுத்துங்கள்.

நடுப்பலகையே இல்லாத விளிம்பானால் கணக்கு வேறு. தடிமன் இரட்டித்தால் விறைப்பு ஏறத்தாழ 8 மடங்காகும் என்பது உண்மையே. எனினும் எடையைக் கூட்டுவதைவிட, விளிம்பின் அடிப்பக்கத்தையும் பக்கச்சுவரையும் இணைக்கும் முக்கோணத் தாங்கிகளை இடைவெளிவிட்டுப் பதிப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

கிளீட்டை மீண்டும் பொருத்தும்போது, துளையைப் பெரிதாக்கி, எபாக்ஸியால் நிரப்பி, இறுகியபின் நடுவே மறுபடி துளையிடுங்கள். அப்போது நீர் கசிந்தாலும் பலகையைத் தொடாது. திருகுக்குப் பதிலாக போல்ட்டும், அடியில் அகலமான தாங்குதகடும் வையுங்கள். கிரைண்டர் ஓடும் நேரமெல்லாம் தூசிக் கவசமும் கண்ணாடியும் கட்டாயம்.