கேட்டுக்கு உள்ளே சங்கம், வெளியே மாமன்றம்

கேள்வி: கடலூரில் 24 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறோம். ஒவ்வொரு முறை தார் போடும்போதும் தெரு உயர்ந்துகொண்டே போய், எங்கள் கேட் இப்போது பள்ளத்தில் கிடக்கிறது. அடைமழை பிடித்தால் சாலைத் தண்ணீர் கேட்டுக்கு அடியில் புகுந்து, கீழே நிற்கும் ஸ்கூட்டர்களின் சைலன்சரைத் தொட்டு, சம்ப்பிலும் கலந்துவிடுகிறது. மாமன்ற உறுப்பினரிடம் முறையிட்டால், “அது தனியார் வளாகம், நான் என்ன செய்ய முடியும்?” என்கிறார். சொத்து வரி ஒழுங்காகக் கட்டும் எங்களுக்காகப் பேச யார்தான் இருக்கிறார்கள்?

பதில்: அவர் சொல்வதில் பாதி சரி. லிஃப்ட், மோட்டார், மாடிப்படி விளக்கு, சம்ப் ஆகியவை உங்கள் அனைவருக்கும் பொதுவான சொத்து; அவற்றைப் பராமரிப்பது வீட்டு உரிமையாளர்கள் சங்கத்தின் வேலை. ஆனால் உங்களுக்கு வந்திருக்கும் தொல்லை சம்ப்பில் தொடங்கவில்லை, தெருவில் தொடங்கியிருக்கிறது. பழைய தார்ப் பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, மட்டம் உயராமல்தான் புதிய சாலை போடவேண்டும் என்று 2021 மே மாதத்திலேயே அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு அறிவுறுத்தியிருக்கிறார். ஆகவே “எங்கள் அபார்ட்மென்ட்டில் தண்ணீர் நிற்கிறது” என்று மனு எழுதாதீர்கள். “சுரண்டாமல் போட்டதால் சாலை இத்தனை அங்குலம் உயர்ந்திருக்கிறது” என்று எழுதுங்கள். கேட்டின் அடிச்சட்டத்திலிருந்து சாலை மட்டம் வரை டேப் பிடித்து, அளவு தெரியும்படி ஒரு படம் எடுத்து இணையுங்கள். அந்தச் சாலை மாநகராட்சியுடையதா, நெடுஞ்சாலைத் துறையுடையதா என்பதையும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மனைப்பிரிவுச் சாலையாக இருந்தால், அது தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு ஒப்படைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ஒப்படைக்கப்படாத சாலைக்கு மாநகராட்சிப் பணத்தைச் செலவிட எந்த உறுப்பினராலும் முடியாது.

இனி, சற்றுக் கசப்பான ஒரு விஷயம். உங்கள் 24 வீடுகளில் எத்தனை பேருடைய பெயர் அந்த வார்டின் வாக்காளர் பட்டியலில் இருக்கிறது? உரிமையாளர்களில் ஒருவர் சென்னையில், ஒருவர் நெய்வேலியில், இன்னொருவர் துபாயில் என்று இருப்பார்கள். குடியிருக்கும் வாடகைதாரர்களுக்கு வார்டில் வாக்கு இருக்கும், சங்கக் கூட்டத்துக்கு மட்டும் அழைப்பு இருக்காது. நான் ஒரு சங்கத்தில் பொருளாளராக இருந்தபோது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து வெட்கப்பட்டிருக்கிறேன். சங்கத்தில் பேசுவது வீட்டுப் பத்திரம், வார்டில் பேசுவது வாக்காளர் அட்டை. வாடகைதாரர்களையும் சேர்த்துக்கொண்டு போனால் மாமன்ற உறுப்பினர் உங்களை அமரவைத்துக் கேட்பார். அதற்கான இடமும் இருக்கிறது: 2022 நவம்பர் 1 அன்று சென்னையை அடுத்த பம்மலில் முதலமைச்சர் கலந்துகொண்டு தொடங்கிவைத்த பகுதி சபைக் கூட்டங்கள், அந்தப் பகுதி வாக்காளர்கள் நேரில் கேட்பதற்கென்றே ஏற்பட்டவை. அடுக்குமாடிக்காரர்கள்தான் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை.

சங்கத்தின் பதிவையும் சரிபாருங்கள். பல சங்கங்கள் 1975-ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டத்தோடு நின்றுவிட்டன. தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022, 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்துவிட்டது; உங்கள் சங்கம் எந்தச் சட்டத்தின் கீழ் இருக்கிறது என்று பாருங்கள்.

கேள்வி: வரும் உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் சங்கச் செயலாளரையே சுயேச்சையாக நிறுத்தினால் என்ன என்று சிலர் யோசிக்கிறோம். பொது மின்கட்டணம் போன்ற குறைகளையும் அவர் தீர்த்துவைப்பார் அல்லவா?

பதில்: 21 வயது நிறைந்த வாக்காளர் எவரும் போட்டியிடலாம்; செயலாளர் தாராளமாக நிற்கட்டும். ஆனால் சங்கத்தின் வேட்பாளராக நிற்கவேண்டாம். பராமரிப்புக்கென்று வசூலித்த பணத்தில் ஒரு நோட்டீஸ் அச்சடித்தாலும், மாற்றுக் கட்சிக்காரரான மூன்றாவது மாடிக்காரர் மறுமாதமே சந்தாவை நிறுத்திவிடுவார்; அவர் செய்வது தவறும் இல்லை. 45 வார்டுகள் கொண்ட கடலூர் மாமன்றத்தில் ஒற்றை ஆளாக உட்காருகிறவர், குடிசைப் பகுதிக்கும் மீனவர் தெருவுக்கும் சேர்த்துப் பேசவேண்டியவர் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

மின்கட்டணம் மாமன்றத்தின் கையில் இல்லை. அது மாநில அளவில் முடிவாகிறது. யூனிட்டுக்கு 8 ரூபாய் என்றிருந்த பொதுப் பயன்பாட்டுக் கட்டணத்தை எதிர்த்து நலச்சங்கங்கள் ஊர் ஊராகக் குரல் கொடுத்த பிறகுதான், 2023 அக்டோபரில் அது 5 ரூபாய் 50 காசாகக் குறைக்கப்படும் என்று அறிவிப்பு வந்தது. அதுவும் 10 வீடுகளுக்கு மிகாமல், 3 மாடிகளுக்கு மேற்படாமல், லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்கு மட்டும்தான். ஒரு கட்டடத்தில் 11 வீடுகள் இருந்தாலோ ஒரு லிஃப்ட் இருந்தாலோ அந்தச் சலுகை கிடையாது. அந்த வரம்பை உயர்த்தக் கோரும் மனு சட்டமன்ற உறுப்பினர் வழியாகப் போகவேண்டும். அதில் ஒரே ஒரு சங்கத்தின் முத்திரை இருந்தால் போதாது; ஊரிலுள்ள மற்றச் சங்கங்களையும் கேட்டுப் பாருங்கள்.